நைனா எக்சானரேட் ஆன கதை

மற்ற ஊர்ப் பிள்ளைகள் இங்கிலீஷை ஆப்பிளில் ஆரம்பித்தார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த நாம் வினைச்சொல்லில் ஆரம்பித்தோம். சஸ்பெண்டு, டிஸ்மிஸ், டிரான்ஸ்பர், டெர்மினேட், ரிசைன். ஞாபகம் இருக்கிறதா? நம் அம்மாக்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும்போது கேட்டால் விளக்கம் சொல்வார்கள். "சஸ்பெண்டுன்னா ஊட்ல குந்திகினு இருக்கணும். டிஸ்மிஸ்னா ஊட்டையே காலி பண்ணணும்." இதைவிடத் தெளிவாக எழுதிய அகராதியை நான் இன்னும் பார்க்கவில்லை.

போன வாரம் டிவியில் யாரோ ஒருவரை நீதிமன்றம் எக்சானரேட் செய்துவிட்டதாக இங்கிலீஷில் வாசித்தார்கள். நான் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா அத்த, சிரிக்கிறீங்க?" என்றாள். அவளுக்குச் சொன்னால் விளங்காது. லாரியின் குழாய்க்குக் கீழே குடம் வைத்து நின்ற உங்களுக்குத்தான் விளங்கும். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், முழங்கால் வலியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுக் கேளுங்கள்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம், குற்றம் இல்லை என்று சொல்லி ஒருவரை விடுவிப்பது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கித் திங்கட்கிழமை மத்தியானம்வரை எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. அந்த இடைவெளியில் எங்கள் நைனா, திரும்பக் கிடைத்த வேலையைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுக்க இருந்தார்.

நைனா என்றால் அப்பா. ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற தெருவில் வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் பழைய இரும்பைச் சிவக்கக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கிற மில்லில் இருந்தார். உருளைகளுக்கு நடுவிலிருந்து சீறிக்கொண்டு வரும் கம்பியை நீள இடுக்கியால் பிடித்துத் திருப்பி அனுப்புகிற வேலை. அதற்கு முன்னால் லாரியில் லோடு ஏற்றி இறக்கினார். அதற்கும் முன்னால் பொன்னேரிப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நெல் அறுத்து, கட்டைத் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுபோனார். மில்லில் பேர் நிரந்தரமான அன்று அம்மா தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாளாம். நான் அப்போது கைக்குழந்தை.

நைனாவின் சட்டையில் சுட்ட இரும்பும் வேர்வையும் கலந்து ஒரு வாசனை இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. கொடியில் காய்கிற துணிகளில் கரிப்பொடி வந்து உட்காரும். என் வெள்ளைச் சட்டை சாயங்காலத்தில் சாம்பல் சட்டையாக இறங்கி வரும். அதைத் தட்டிப் போட்டுக்கொண்டு போனோமே தவிர யாரும் குறையாக நினைத்ததில்லை.

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் பெரிய வாக்கியம் "எஸ் சார்". அதை நன்றாகச் சொல்வார். யார் இங்கிலீஷில் என்ன சொன்னாலும் நிமிர்ந்து நின்று ஒரு எஸ் சார். புரிந்ததா இல்லையா என்று எதிராளிக்குத் தெரியாது. புரியவில்லை என்று சொல்வதைவிட உலைக்குள் கை வைப்பதே மேல் என்று நினைக்கிற மனிதர்.

நான் ஆறாவது முடித்த லீவு அது. உலைக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் குடிக்க மில்லில் ஒரு டிரம் தண்ணீர் வைத்திருப்பார்கள். அந்தக் கோடையில் அது பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. நைனா சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொம்பு சொம்பாகக் குடிப்பார். தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் வாசல்வரை கேட்கும். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் கேட்டாள்.

"ஏன்யா, அங்க குடிக்கத் தண்ணிகூடவா வெக்க மாட்டான்?"

"டிரம்மு காலி."

"கேக்கறதுதான?"

"யாரு போயி கேக்கறது?"

"உனுக்கு வாயி இல்லியா? தண்ணி கேக்கறது இன்னா தப்பு? நாளைக்கு வாயத் தொறந்து கேளு. கேக்காம வந்தின்னா ஊட்லயும் தண்ணி கெடையாது, சொல்லிட்டேன்."

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நைனாவும் சிரித்தார். மறுநாள் போய்க் கேட்டார். சூப்பர்வைசர் அப்புறம் பார்க்கலாம் என்றார். நைனா ஒன்றும் பேசாமல் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு டிரம் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். உருளைக்குள் இருந்த கம்பி கோணிக்கொண்டு, ஆறிப்போய், சிக்கி நின்றது. டிரம் அரை மணியில் நிரம்பியது. சார்ஜ் ஷீட்டும் சஸ்பெண்டு ஆர்டரும் மறு வாரம் வந்தன.

அதை மில்லில் டைப் அடிப்பவர் தமிழில் படித்துக் காட்டினாராம். நைனா மனப்பாடமாக வந்து எங்களிடம் ஒப்பித்தார். "சக தொழிலாளர்களைத் தூண்டிவிட்டு உற்பத்தியை நிறுத்தியதாக உங்கள்மீது குற்றம் சுமத்தப்படுகிறது." தூண்டிவிட்டு என்ற இடத்தில் மட்டும் அவர் குரல் தடுக்கும். அவர் யாரையும் வா என்று கூப்பிடக்கூட இல்லை. தனக்குக் கால் வலிக்கிற மாதிரி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

சஸ்பெண்டு ஆன நைனா வீட்டில் இருந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன். பகலில் அவரை அப்படி முழுசாக நான் பார்த்ததே கிடையாது. கிடந்த இரும்புத் துண்டுகளை வைத்து எனக்கு ஒரு முக்காலி செய்தார். கூரை ஷீட்டின் ஓட்டைகளுக்குத் தார் பூசினார். பூண்டு உரித்தார். அண்ணனோடு தாயம் ஆடித் தோற்றார். ஆனால் ஷிப்டு சங்கு ஊதும் நேரம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். தெருவில் ஆட்கள் சைக்கிளில் போகிற சத்தம் அடங்கும்வரை திறக்க மாட்டார். அந்த முக்காலி ரொம்ப நாள் இருந்தது. எந்த வீடு மாற்றும்போது காணாமல் போயிற்று என்று தெரியவில்லை.

என்கொயரி முடிந்து முடிவு சொல்ல ஒரு சனிக்கிழமை அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். முடிவைச் சொல்ல வேண்டியவர், வேலையாட்கள் விவகாரம் பார்க்கிற பர்சனல் ஆபீசர். சின்ன வயசு, சட்டம் படித்தவர், பம்பாய்ப் பக்கத்துக்காரர், தமிழ் ரொம்பக் கொஞ்சம். வழக்கமாக மொழிபெயர்த்துச் சொல்கிற டைப் அடிப்பவர் அன்றைக்கு லீவு. ஆபீசர் நேராகவே இங்கிலீஷில் சொல்லிவிட்டார். நைனா நேராகவே எஸ் சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வந்தவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த காலம், மூலையில் படுத்துக் கிடந்தான். நான் முக்காலியில் இருந்தேன்.

"இன்னாய்யா சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"எக்சானரேட்டட்."

"அப்டின்னா?"

"எனுக்கு இன்னா தெரியும்? யூ ஆர் எக்சானரேட்டட்னாரு. மண்டே கம்னாரு. வந்துட்டேன்."

வழியெல்லாம் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்திருக்கிறார், மறந்துபோகாமல் இருக்க. நமக்குத் தெரிந்த வினைச்சொற்களில் அது இல்லை. டிஸ்மிஸ் என்றிருந்தால் அழுதிருப்போம். இது என்ன என்று தெரியாததால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்றே யாருக்கும் தெரியவில்லை.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அத்த சொல்லச்சொல்ல மூஞ்சி எப்டி இருந்துச்சி அவுருக்கு?"

"மூஞ்சி மூஞ்சி மாதிரிதான் இருந்துச்சி."

"டீ கீ குடுத்தாரா?"

"குடுத்தாரு."

"எழுந்து வந்தாரா?"

"கதவாண்ட வந்து தோள்ல தட்டுனாரு."

"வேலைய புடுங்கறவன் டீ குடுத்து தோள்ல தட்டுவானாய்யா?"

"புடுங்கறவன்தான்மே தட்டுவான். போன வருசம் கிரேன் ஓட்டினவன தொறத்தன அன்னிக்கி பிஸ்கட்டு வேற குடுத்தாங்க."

அது உண்மைதான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமா வந்தார். இன்னொரு கம்பெனியில் சங்கத்தில் முன்னால் நின்றவர், அதற்காகவே வேலையை இழந்தவர். அப்புறம் தொழிற்பேட்டையில் எந்தக் கேட்டும் அவருக்குத் திறக்கவில்லை. அதனால் தெருவில் யாருக்கு மெமோ வந்தாலும் அவரிடம்தான் காட்டுவார்கள். நைனா வார்த்தையைச் சொன்னதும் மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"எக்ஸு வந்தாலே போச்சு மச்சான். எக்ஸ் மிலிட்டரின்னா இன்னா? மிலிட்டரில இல்லாதவன். எக்ஸ் எம்எல்ஏன்னா இன்னா? தோத்துப் போனவன். எக்ஸ் ஆனரு. ஆனருன்னா மரியாத. மரியாத போன ஆளுன்னு அர்த்தம்."

"ரேட்டடு?" என்றார் நைனா.

"அது சொம்மா கூட வரும்."

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது எவ்வளவு பொருத்தமாக இருந்தது தெரியுமா? சங்கு ஊதும்போது கதவைச் சாத்திக்கொண்டிருந்த மனிதருக்கு மரியாதை போன ஆள் என்றால் அதை எப்படி மறுக்கத் தோன்றும்?

அண்ணனுக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. அவனிடம் ஓர் அகராதி இருந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்குக் கொடுத்த சின்ன இங்கிலீஷ் தமிழ் அகராதி. அட்டை கிழிந்துபோய், அம்மா அதற்குப் பழைய காலண்டர் தாளை ஒட்டியிருந்தாள். பக்கத்தைப் புரட்டினால் மைதா பசை வாசனை வரும். எங்கள் வீட்டில் அதை யாரும் காலில் படவிட மாட்டோம்.

"இன்னொரு தபா சொல்லு நைனா."

"எக்சானரேட்டட்."

"எக்சாவா, எக்ஸோவா?"

"நான் இன்னா ஸ்பெல்லிங்கா கேட்டுகினு வந்தேன்?"

அண்ணன் விரலால் ஓட்டினான். எக்சாம், எக்சாம்பிள் எல்லாம் வந்தன. எக்சாஸ்ட் என்று ஒன்று வந்தது. "களைத்துப்போகச் செய்தல்" என்று படித்தான்.

"அது நானுதான்," என்றாள் அம்மா. அந்தச் சாயங்காலத்தில் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

எக்ஸில் ஆரம்பிக்கிற பக்கங்களில் மாமா சொன்ன மாதிரி ஆனர் சேர்ந்து எதுவும் இல்லை. அண்ணன் யோசித்தான். திடீரென்று பக்கங்களைப் பின்னால் தள்ளினான். "மாமா, இது எக்ஸு இல்ல. எக்கு. முட்ட."

"முட்டையா?"

"எக்ஸ் ஆன். இந்தா கீது பாரு. எக் ஆன், வினைச்சொல்." அதன் எதிரே இருந்ததைப் படிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"படிடா," என்றார் நைனா.

"தூண்டிவிடு."

சார்ஜ் ஷீட்டில் இருந்த அதே சொல். அகராதியில், அச்சில், எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ரேட்டட் என்பதற்கும் அண்ணனே பொருள் கண்டுபிடித்தான், மதிப்பிடப்பட்டது. தூண்டிவிட்டதாக மதிப்பிடப்பட்டது. இதற்குமேல் எந்த வாத்தியாரைப் போய்க் கேட்பது?

"அவ்ளோதான் மச்சான். குத்தம் ருசுவாயிடுச்சி," என்றார் மாமா. அவர் குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. "நான் சொல்றத கேளு. திங்கக்கெழம டிஸ்மிஸ்னு பேப்பர் குடுப்பான். அந்தப் பேப்பர் கைக்கு வந்துச்சின்னா அப்பால உன்ன ஒருத்தனும் உள்ள சேக்க மாட்டான், என் கதிதான். அதுக்கு முன்னால நீயா ரிசைன் லெட்டர குடுத்துடு. நீயா வந்துட்டன்னு பேரு. வேற எடத்துலயாவது கேட்டு தொறக்கும்."

நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார்.

"தூண்டிவுட்டது நானா? நான் யாரையாவது வான்னு கூப்டனா? உனுக்கு வாயி இல்லியான்னு கேட்டது யாரு? தொறந்து கேளுன்னு அனுப்பனது யாரு? தூண்டிவுட்டவங்க இந்த ஊட்லதான் கீறாங்க. அத்த எழுதிக்கச் சொல்லு அவன."

அம்மா எழுந்து, மூலையில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அது தண்ணீர் வருகிற நேரமே இல்லை. காலிக் குடத்தோடு கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. நைனாவுக்காவது சார்ஜ் ஷீட் கொடுத்தார்கள், என்கொயரி வைத்தார்கள், பேசச் சொன்னார்கள். அம்மாவுக்கு ஒன்றும் கிடையாது. அவளுக்கு ஒரே நிமிஷத்தில் தீர்ப்பு, அதுவும் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் முன்னால். நைனா கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். மறுபடியும் அடுத்தவன் களத்தில் போய் நிற்க வேண்டிவருமோ என்ற பயம். தன் தலையில் விழுந்ததைக் கைக்கு எட்டிய இன்னொரு தலையில் வைத்தார். இது எனக்குப் புரிய எனக்கே ஒரு வீடும் வாசலும் ஆக வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனோம். அம்மா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பாடும்போது அவள் உதடு அசையவில்லை. வீட்டுக்கு வந்து கறி ஆக்கினாள், ருசியில் ஒரு குறையும் இல்லை. தட்டை வைத்தாள், ஆனால் சாப்பிட வா என்று நைனாவைக் கூப்பிடவில்லை. அவராகவே வந்து உட்கார்ந்து தின்றுவிட்டு எழுந்தார். மத்தியானம் மாமா சொல்லச் சொல்ல அண்ணன் ரிசைன் லெட்டர் எழுதினான். இங்கிலீஷில் ஒரு பிழை வந்துவிடக் கூடாது என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டான். நைனா அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்து, ஆணியில் தொங்கிய சட்டையின் பையில் வைத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். முதல் நாள் சாயங்காலத்துக்கு அப்புறம் அவள் நைனாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

"லெட்டர குடுக்கறதுக்கு முன்னாடி, அந்த வார்த்தைக்குத் தமிழ்ல இன்னான்னு அவுரையே ஒரு தபா கேளு."

"கேட்டுக் கேட்டுதான இங்க வந்து நிக்கறேன்," என்றார் நைனா.

"இதையும் கேட்டுட்டு நில்லு."

நைனா எழுந்து வாசல்பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை மில்லில் நடந்ததை நைனா பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். நடித்தே காட்டுவார். ஆபீசர் அறைக்குள் போனாராம். உட்காரச் சொன்னாராம், உட்காரவில்லை. கை சட்டைப் பையில் இருந்த தாளைத் தொட்டபடி இருந்ததாம். ஆபீசர் இங்கிலீஷில் என்னவோ சொல்ல, எஸ் சார் என்று வாய்வரை வந்துவிட்டதாம். அதை அப்படியே முழுங்கிவிட்டு நைனா கேட்டிருக்கிறார்.

"சார். சாட்டர்டே வார்த்த. எனுக்குப் புரியல சார்."

உலைக்குள் கை வைத்த மாதிரிதான் இருந்தது என்பார் நைனா. ஆனால் சுடவில்லையாம்.

ஆபீசருக்கு அதைத் தமிழில் சொல்ல வரவில்லை. சட்டம் படித்தவர் அல்லவா, வார்த்தையைப் பிரித்துப் போட்டாராம். எக்ஸ் என்றால் அவுட். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு மாமா சொன்னது சரிதான். ஆனால் அடுத்தது ஆனர் இல்லை, ஆனஸ். ஆனஸ் என்றால் லோடு.

"லோடா?"

"லோடு."

லாரியில் அத்தனை வருஷம் நின்றவருக்கு அந்த ஒரு சொல் போதாதா? "லோடு அவுட்டுன்னா, அன்லோடா சார்?" என்று கேட்டாராம். ஆபீசர் சிரித்துக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்து, தன் தலைமேல் இருந்து எதையோ இரண்டு கையாலும் தூக்கி மேஜைமேல் வைக்கிற மாதிரி செய்து காட்டினாராம். "யூ. அன்லோடு. ஃபினிஷ்." அப்புறம் கடிகாரத்தைக் காட்டி, மத்தியான ஷிப்டுக்கு வரச் சொன்னாராம்.

ரிசைன் லெட்டர் பையிலேயே இருந்துவிட்டது. அந்த வாரம் சட்டையைத் துவைத்தபோது அம்மா கையில் கூழாக வந்தது. அண்ணன் மூன்றாவது தாளில் பிழையில்லாமல் எழுதிய இங்கிலீஷ் அது.

அன்றிலிருந்து அந்த வினைச்சொல் எங்கள் வீட்டுச் சொல் ஆகிவிட்டது. சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை வந்தால், "டேய், மூட்டைய எக்சானரேட் பண்ணுடா" என்பார் நைனா. என் புத்தகப் பையையும் எக்சானரேட் பண்ணியிருக்கிறார். பரண்மேல் இருந்த பழைய டிரங்குப் பெட்டிக்கும் அதே வார்த்தைதான். பக்கத்து வீட்டு மாமாவும் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் தெருவே சொன்னது. உங்களில் சிலர்கூடச் சொல்லியிருப்பீர்கள், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல்.

பிற்பாடு பொன்னேரியில் காலேஜ் படிக்கும்போது நான் ஒரு கட்டுரையில், பஸ் கூரையிலிருந்து மூட்டைகளை எக்சானரேட் செய்தார்கள் என்று எழுதிவிட்டேன். மேடம் சிவப்பு மையில் வட்டம் போட்டு வகுப்பில் வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் மனசுக்குள் எரிந்தது. நைனா சொன்னது எப்படித் தப்பாகும்? லைப்ரரியில் தூக்கவே முடியாத பெரிய அகராதி ஒன்று இருந்தது, அதைப் புரட்டினேன். குற்றத்திலிருந்து விடுவித்தல் என்று முதலில் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில், பழைய வழக்கு என்று குறித்து இன்னொன்று இருந்தது, சுமை இறக்குதல். லத்தீன் பேசிய காலத்தில் கப்பலில் இருந்து சரக்கு இறக்குவதற்கும் அந்தச் சொல்லின் மூலத்தைத்தான் பயன்படுத்தினார்களாம். கடற்கரையில் எவனோ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது சொன்ன வார்த்தைதான், கோர்ட்டு கச்சேரியெல்லாம் சுற்றி எங்கள் தெருவுக்கு வந்து, மறுபடியும் மூட்டை இறக்கப் போயிருக்கிறது. மேடத்திடம் காட்டவில்லை. அது எங்கள் வீட்டு விஷயம்.

அந்த அகராதியை மூடும்போதுதான் சார்ஜ் ஷீட்டின் தமிழும் நினைவுக்கு வந்தது. குற்றம் சுமத்தப்படுகிறது. நாமும் குற்றத்தைத் தலையில்தான் ஏற்றுகிறோம், யோசித்துப் பாருங்கள். ஏற்றுவதற்குச் சுமத்து என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஆனால் இறக்கும்போது விடுவித்தல் என்கிறோம், அது கட்டை அவிழ்ப்பது, சுமையை இறக்குவது இல்லை. அண்ணனின் சின்ன அகராதியில் எக்சானரேட் இருந்ததா, அவன்தான் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் முட்டைக்குப் போய்விட்டானா என்று சரிபார்க்க ஆசையாக இருந்தது. அதற்குள் அதை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவனைக் கேட்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமை மத்தியானத்தை.

லாரி வந்திருந்தது. அம்மா சும்மாடு சுற்றித் தலையில் பச்சைக் குடம் ஒன்றும், இடுப்பில் சிவப்புக் குடம் ஒன்றுமாக வந்துகொண்டிருந்தாள். நான் பின்னால் என் சின்னக் குடத்தோடு, பாதித் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு நடந்தேன். தார் ரோட்டில் அனல் அடித்தது. லாரியைச் சுற்றித் தெருப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். பக்கத்து வீட்டு மாமா தன் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நைனா சைக்கிளில் வந்தார். அம்மா அவரைப் பார்த்தாள், நடையை நிறுத்தவில்லை. லெட்டரைக் கொடுத்துவிட்டு வருகிறார் என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். அவர் சைக்கிளை நடுத்தெருவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். நம் தெருவில் ஆம்பளை எவனும் தண்ணீர்க் குடத்தைத் தொட மாட்டான், உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் என்றால் மொண்டு குடிக்கத் தொடுவான். தெருவில் கிடையாது. அதுவும் அத்தனை பேர் பார்க்க.

நைனா நேராக அம்மா முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, அவள் தலையில் இருந்த குடத்தை இறக்கினார். தண்ணீர் தளும்பி அவர் சட்டையெல்லாம் நனைந்தது. குடத்தை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அம்மா தலையில் சும்மாடு மட்டும் அப்படியே இருந்தது.

"எக்சானரேட்டு," என்றார்.

"இன்னாது?"

"இதான்மே அர்த்தம். தலைல இருந்தத எறக்கி வச்சாச்சுன்னு அர்த்தம். மத்தியான ஷிப்டுக்கு வரச் சொல்லிட்டாங்க." அப்புறம் தெருவே கேட்கும்படி சொன்னார். "தப்பு எம்மேலயும் இல்ல. உம்மேலயும் இல்ல. நேத்து முந்தாநாளு உன் தலைல வச்சது நானு. நானே எறக்கிட்டேன்."

லாரிக் குழாயிலிருந்து தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது, அதை மூடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, காலியான கையால் துடைத்துக்கொண்டாள். இடுப்பைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினாள்.

"இடுப்புல இன்னொண்ணு கீதே," என்றாள். "அத்த யாரு எக்சானரேட் பண்றது?"